சீர்த்தட்டும் கைப்பட்டையும்

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஒருவரும் குறை சொல்லும்படி நடந்துகொண்டதில்லை. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.

போன மாசியில் கீழக்குயில்குடி கோயிலில் என் கடைசி மகளின் பையனுக்குக் காதுகுத்து. மாமன் சீர் எங்களுடையது. அவனியாபுரத்திலிருந்து வேன் பிடித்துப் போனோம். மேளமும் வெடியுமாகச் சீர் போகும்போது முதல் தட்டை என் மகன் வயிற்றுப் பேத்திதான் தூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பத்தாவது படிக்கிறாள்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் ஒரு பட்டை எழுதிக் கொடுத்திருந்தார். மேல்கையில் கட்டிக்கொண்டு போனில் தட்டினால் சுருசுருவென்று கரண்ட் ஓடும். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கும். ஆனால் வலி தொடங்கியதுமே கட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கேட்காது.

வேனை விட்டு இறங்கியதும் என் காதோரம் வந்தாள். "அப்பத்தா, கண்ணுல மின்னுது, தலைவலி வரப்போகுது. பட்டையக் கட்டிக்கிறேன்."

"கையில மிஷினோடயா சீர் தூக்குவ? பொண்ணுக்குச் சீக்குன்னு சம்பந்தி வீட்டுல பேசவா? இம்புட்டுத் தூரந்தான, எறக்கி வச்சிட்டுக் கட்டிக்க."

பட்டையை வேனிலேயே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். அந்த வெயிலில், வெடிச் சத்தத்தில், தட்டைச் சாய்க்காமல் நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பந்தலில் தட்டை இறக்கி வைத்தவள், தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஓடிவந்து தாங்கியது சம்பந்தியம்மாதான். விவரம் கேட்டு, வேனிலிருந்த பட்டையை வரவழைத்துத் தம் கையாலேயே கட்டிவிட்டார்.

"ஏன் மதினி, தட்டுத் தூக்க வேற ஆளா இல்ல? புள்ளையவிடத் தேங்கா பழம் பெருசாப் போச்சா?"

நான் முந்தானையால் பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டேன்.

நேரம் கடந்துவிட்டதால் பட்டைக்கு வலி கேட்கவில்லை. "தம்பி அழுதா நான்தான் சிரிப்புக் காட்டுவேன்" என்று வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, காது குத்தும்போது துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேனுக்குள் கிடந்தாள்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து தலை வலித்தால் என்னிடம் சொல்வதில்லை. பட்டையை எடுத்துக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். முன்பெல்லாம் முதலில் என்னிடம்தான் வருவாள். ஊரார் கண்ணுக்காக அதைத் தொலைத்தேனே என்று, அவள் அந்தக் கதவைச் சாத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

எழுதியதை அவளிடமேதான் நீட்டியிருக்கிறேன். "வாசிச்சுக் காட்டு தாயி. நடுவுல தலை வலிச்சா நிறுத்திரு. எங்கிட்டச் சொல்லிரு."