நாற்பது பக்கத்துக்கு என்ன மேளம்?

என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு சரி. மறதியும் உண்டு.

சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டோடு நான் சிம்மக்கல்லுக்குப் போன பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். மடியில் தடித்த நாவல். விரல் ஓயாமல் அட்டையில் தாளம் போட்டது.

அவராகவே பேசினார். "ஏழு வருசமா இதைப் படமா எடுக்கணும்னு அலையுறேம்மா. இன்னைக்குத்தான் பணம் போடுற ஒருத்தர் கதை கேக்கக் கூப்பிட்டிருக்காரு. மகனைப் பறிகொடுத்தவன் ஆத்தங்கரையில உக்காந்து, சாமி இருக்கா இல்லையான்னு நாப்பது பக்கம் யோசிக்கிறான். வயலின் போடவா, புல்லாங்குழல் போடவா?"

யோசிக்கிறவனுக்கு எதற்கு வயலின்? எனக்குப் புரியவில்லை. வெட்கத்தோடு சொன்னேன்: "எனக்கென்ன தெரியும் தாயி? எங்கூர்ல பொணம் கோயிலைத் தாண்டையில மேளத்தை நிப்பாட்டிருவாக. அப்பத்தான் அழுகைச் சத்தமே கேக்கும்."

அவர் என்னையே பார்த்தார். பென்சிலை உருவி, அதன் ரப்பரால் நாவலின் பக்க ஓரங்களில் எழுதியிருந்த இசைக் குறிப்பையெல்லாம் அழித்தார்.

"அம்புட்டையும் அழிக்கிறியேம்மா!"

"பணம் போடுறவரு பாட்டுத்தான் கேப்பாரு. இருக்கட்டும், இந்த இடத்துக்கு இசையே வேணாம்னு சொல்லிப் பாக்குறேன்."

சிம்மக்கல்லில் இறங்கிப் போய்விட்டார். விரல் தாளம் போடவில்லை.

ஏழு வருட உழைப்பை நான் கெடுத்தேனா, உதவினேனா? இன்றும் குழப்பம்தான். அப்படி ஒரு படம் வந்ததா என்று யாராவது விசாரியுங்கள். வந்திருந்தால், அந்த ஆற்றங்கரையில் மேளம் கேட்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.