பஸ்ஸை எங்கே நிப்பாட்டுவது?

பிள்ளை குட்டிகளோடு கடற்கரையில் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பதைப் போன்ற தொழில்: நன்றாக அமைந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம், பிசகினால் என் தலை.

கூடாரம் அடித்து, நுளம்புக்கு இரத்தம் கொடுத்து, பிடித்த கழுத்தோடு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. என் கணவர் ஜூட் கத்தாரில் பஸ் திருத்துகிறவர். லீவில் வந்த இடத்தில் ஒரு பழைய சின்ன பஸ்ஸை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, கட்டில்களும் காஸ் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டினார். அவர் ஓட்டுவார், எங்கே நிப்பாட்டுவது என்று நான் சொல்ல வேண்டும். சித்திரை விடுமுறையில் தொடங்கி ஆவணிப் போயா விடுமுறை வரைக்கும் பார்ப்பது, சரிவராவிட்டால் அவர் திரும்பிப் போவது என்று எங்களுக்குள் பேச்சு. அதுவரை அவருடைய வேலையை வைத்திருப்பதாகக் கம்பனியும் சொல்லியிருந்தது.

எங்கள் கலியாண வாழ்க்கையில் பெரும்பகுதி கைபேசித் திரையில்தான் நடந்தது. எனக்கு இந்த மனுசன் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு கரையில் இறக்கும்போது ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல் விட்டு எண்ணுவேன்.

சுத்தமான கரை

முதலில் வந்தது கொழும்புக் குடும்பம் ஒன்று. தலைமன்னார்ப் பக்கம் போகும்போதே அந்த ஐயாவுக்கு ஒரு கரை கண்ணில் பட்டுவிட்டது. கல் இல்லை, முள் இல்லை, துடைத்து வைத்த மாதிரி மணல். "இஞ்சதான்" என்று இறங்கிவிட்டார். அது மீனவர் கரைவலை இழுக்கிற இடம், பாடு என்பார்கள், வலை கிழியாமலிருக்கத்தான் அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜூட் என் கையைச் சுரண்டினார். முதல் வாடிக்கையாளரோடு வாதாட வேண்டாமாம்.

விடிந்ததும் கயிறும் உழவு இயந்திரமுமாக வலைக்காரர் வந்து நின்றார்கள். எங்கள் பஸ்ஸோ சில்லு புதைந்து அசைய மறுத்தது. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்தார். கத்தார் டிக்கெட் என் கண்ணுக்கு முன்னால் பறந்தது. கடைசியில் அவர்களே உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து எடுத்தார்கள். ஐயா வெட்கத்தில் வலைக்கயிற்றைப் பிடிக்க, பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் பிள்ளைகள். வலை ஏறியபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எல்லார் கோபமும் இறங்கிவிட்டது. சம்மாட்டி ஒரு பை நிறைய மீனைக் கொடுத்துவிட்டு ஜூட்டிடம் சொன்னார்:

"அடுத்த முறை பஸ்ஸை அங்கால விடுங்கோ தம்பி. ஆக்களை மட்டும் இஞ்ச விடுங்கோ."

பாண் கேட்டு வந்தவர்கள்

முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தது. அந்தத் தாய் கடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்கு மறைவான கக்கூஸ் உண்டா, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ எடுக்க நல்ல தண்ணீர் உண்டா என்றுதான் கேட்டார். மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். இடம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதே இதுதான், நம்மவர்கள் சூரியன் மறைகிற பக்கத்தைத்தான் கேட்பார்கள். கீரிக் கடற்கரையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் வளவோடு ஒட்டி பஸ்ஸை நிப்பாட்டினோம். கிணறும் கக்கூஸும் கூப்பிடு தூரத்தில்.

எல்லாம் பார்த்த நான் கழுதைகளை மறந்துவிட்டேன். மன்னாரில் அவை கேட்டுக்கொண்டா வரும்? காலைச் சாப்பாட்டுக்கு வெளியே மேசை போட்டதுதான் தாமதம், ஒரு தாயும் குட்டியும் வந்து பாண் முழுவதையும் முடித்துவிட்டு ஜாம் போத்தலையும் முகர்ந்து பார்த்தன. நான் தடியோடு ஓடினேன். அதற்குள் அவர்களுடைய மகள், வந்த நேரம் முதல் போனில் இருந்து தலை தூக்காத பிள்ளை, குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கப் போக, தாய் என்னைப் பிடித்து நிறுத்தினார்:

"பாண் போனாப் போகட்டும் தங்கச்சி, இந்தப் புள்ள சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!"

நிழல் கேட்டவர்

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணைக்கு நிழல் வேண்டும். அதுவும் பனை நிழல்தான் வேண்டும். பனம்பழம் விழுகிற காலம், மரத்துக்குக் கீழே வேண்டாம் என்றேன். தான் பனைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு போனார். பிறந்து வளர்ந்தவரோடு என்ன பேச முடியும்? அவர் தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் பார்த்துப் பழம் ஒன்று தொம்மென்று கதிரையிலேயே விழுந்தது. கதிரையின் கால் உடைந்தது. அந்தோனியாரே என்று நான் நெஞ்சைப் பிடித்தேன். அவர் உடைந்த கதிரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயிலில இருக்கிறது உடம்புக்கு நல்லதெண்டு டொக்டரும் சொன்னவர் பிள்ளை."

மதில் ஓரம்

கடைசியாக ஆவணிப் போயா விடுமுறைக்கு நுவரெலியாவிலிருந்து ஒரு கடைக்காரர் குடும்பம். கடலோரச் சேற்றில் வளர்கிற கண்டல் காடு பார்க்க விடத்தல்தீவுக்குப் போனோம். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு பரந்த வெளி, மேசை மாதிரி மட்டமாகக் காய்ந்து கிடந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. நிலத்தில் உப்புப் பூத்திருந்தது, ஒரு புல் இல்லை. நம் நாட்டில் நீண்ட விடுமுறை என்றால் போயாவை ஒட்டித்தான் வரும். போயா என்றால் பூரணை. பூரணைக்குக் கடல் ஏறும். எல்லாரும் கடற்கரைக்கு வருகிற அன்றுதான் கடலும் கரைக்கு வரும்.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு தேவாலய மதிலோரம் மேடான நிலம் இருந்தது. பாதரிடம் கேட்டு அங்கே நிப்பாட்டுவோம் என்றேன். கடைக்காரருக்குக் கோபம். "ஏம்மா, இவ்வளவு தூரம் வந்தது மதிலைப் பாக்கவா? அப்பிடின்னா நாங்க திரும்பிப் போறோம்" என்றார். அன்று ஜூட்டின் வேலைக்குக் கம்பனி வைத்த கெடு முடிகிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் பரவாயில்லை, எனக்கே அரைகுறைச் சந்தேகம்தான். ஜூட் என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கையைச் சுரண்டவில்லை. பஸ்ஸை மதில் பக்கம் திருப்பினார்.

பின்னேரம் தேத்தண்ணி ஊற்றும்வரை அந்த வெளி காய்ந்துதான் கிடந்தது. கடைக்காரர் மதிலைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவர் கோபத்தை ஆற்ற நான் செபமாலை சொல்வதைத் தவிர மற்றதெல்லாம் செய்து பார்த்தேன். பிறகு அவருடைய மகன்தான் கத்தினான். வெளி முழுக்கத் தண்ணீர், சத்தமில்லாமல், முழங்கால் அளவுக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்தான். கடைக்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், தொண்டையைச் செருமினார், மார்கழி விடுமுறைக்கு மச்சான் குடும்பத்தையும் கூட்டி வருவதாகச் சொன்னார். "எடம் நீங்களே பாத்துருங்கம்மா, எங்கிட்ட கேக்காதீங்க."

ஜூட் அப்பால் போய் போனில் ஏதோ பேசிவிட்டு வந்தார். நான் கேட்கப் பயந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தியிருந்து ஒரு கோப்பையை வாங்கித் துடைத்தார்.

"கம்பனிக்காரரை வேற ஆளைப் பாக்கச் சொல்லிப்போட்டன். இனி நீ காட்டுற இடத்திலதான் நான் நிப்பாட்டுவன்."

ஆகவே என் போன்ற தொழில்காரருக்கு நான் சொல்லக்கூடியது, கடற்கரையில் ஒரு பஸ்ஸை நிப்பாட்டுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, வீட்டில் ஒரு மனுசனை நிப்பாட்டுவதுதான் பெரிய கரைச்சல்.