கதவைவிடப் பெரிய கட்டில்

எங்கள் கட்டில் அறைக்கதவைவிடப் பெரியது. மட்டாஞ்சேரியில் மாடி அறையில் குடியிருக்கிறோம். கீழே மிளகாய்க் கிடங்கு. கப்பலில் சரக்கோடு வரும் மரப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான் செய்வது என் கணவரின் தொழில். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்திலிருந்து வந்த ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு மரப் பலகைகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிவந்து, அறைக்குள்ளேயே, ஓர் ஆணிகூட இல்லாமல் மரமுளையும் பசையுமாகக் கோத்துவிட்டார். ஓரத்துப் பட்டையை அழகுக்கென்று உரிக்காமல் விட்டார். இதை எப்படி வெளியே கொண்டுபோவது என்று அந்த மகாமேதைக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று முளை எடுத்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

மிளகாய் நெடியில் எனக்கு இளைப்பு வந்தது. வீட்டை மாற்றச் சொன்னார் டாக்டர். சுள்ளிக்கலில் இரண்டு ஜன்னல் வைத்த வீடு அமைந்தது. கட்டிலை விட்டு வரமாட்டேன் என்றார் இவர். அறுத்தால் அது கட்டில் இல்லையாம், விறகாம். சுள்ளிக்கல் வீட்டின் சொந்தக்காரர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் கட்டிலுக்கு வாழ்க்கைப்பட்டவள் போல இருமிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் போர்வையில் பழுப்புத் தூள் கிடந்தது. பட்டையில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள். பூச்சி அரிக்கிறது என்றதும் மனசுக்குள் பொங்கலே வைத்துவிட்டேன். நன்றாகத் தின்னு ராசா என்று அதற்குச் சொன்னேன்.

இவர் உளியோடு வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதேடி. இது தொலிக்கு அடியில இருக்கிற வண்டு. குளிர் நாட்டுல உசுரோட நிக்கிற மரத்தையெல்லாம் பட்டுப்போக வெச்சிடும். காஞ்ச தடியை ஒண்ணும் செய்யாது."

பட்டை ஏடாகப் பெயர்ந்து வந்தது. வண்டு எப்போதோ போயிருந்தது. உதிர்ந்தது பழைய தூள். அடியில் பலகை முழுக்கக் கோடுகள். தாய் வண்டு குடைந்த நீளப் பாதை ஒன்று. இருபுறமும் குஞ்சுகள் குடைந்த சின்னப் பாதைகள். அவை முடிந்த இடங்களில், உரித்த பட்டையில் வண்டாகி வெளியேறிய ஓட்டைகள் இருந்தன. ஒரே ஒரு பாதையின் கடைசியில் மட்டும் ஓட்டை இல்லை. அங்கே ஒரு வண்டு காய்ந்து கிடந்தது.

கோலம் மாதிரி இருக்கிறது என்று இவர் பூரித்துப்போய், கையோடு வார்னிஷ் டப்பாவைத் திறந்தார்.

"எனக்கும் சேர்த்து அடிச்சிடுங்க," என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார். பிறகு சுள்ளிக்கலுக்குப் போன் போட்டு, நாங்கள் வரவில்லை என்று சொன்னார். எனக்கு இருமல் வந்தது. வார்னிஷ் காயும்வரை கட்டிலில் சாயாதே என்றார்.