அண்ணன் போகாத இடம்

சனிக்கிழமை நண்பகல். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் தொலைபேசி அடித்தது. எல்லோர் கையிலும் கைப்பேசி வந்த பிறகு அந்தத் தொலைபேசியில் யாரும் அழைப்பதில்லை. தவறான எண்ணாக இருக்கும் என்று முணுமுணுத்தபடியே அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் எடுத்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். "ஆமா, என் மகன்தான்" என்று அம்மா சொன்னது கேட்டது. பிறகு சுவரில் முதுகு உரசியபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்து நான் ரிசீவரை வாங்கி, தங்கை பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் ஒரு ஆள், மனப்பாடம் செய்ததைப் போல, மூச்சு விடாமல் சொன்னார்: "கம்பெனி பஸ் கவுந்துருச்சு சிஸ்டர். உங்க அண்ணன் ஸ்பாட்லயே போயிட்டாரு. ரொம்ப சாரி. பாடிய அனுப்புறதுக்கு அங்க ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்காங்க." அண்ணனின் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து, எழுத்துக்கூட்டி, ஒருமுறைக்கு இருமுறை சொன்னார்.

அண்ணன் அப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு அப்பால் ஒரு சுரங்கத்தில் வேலையாக இருந்தான். அங்கேயும் கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருவான். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அழைத்தது யார், எந்த அலுவலகம் என்று கேட்கவும் தோன்றவில்லை. அண்ணனின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அம்மாவின் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆன்டிகள் வந்துவிட்டார்கள். அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். யாரோ சாமி மேடையில் இருந்த விளக்கை மறைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் செத்துப்போயிருந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றும் என்னால் இல்லாததாக்க முடியவில்லை.

அப்புறம் என் கைப்பேசி அடித்தது.

"என்னா இத்தன மிஸ்ட் கால்? ஷிப்ட்ல இருந்தேன் லா. போன லாக்கர்ல வெச்சுட்டுதான் போகணும்" என்றான் அண்ணன்.

நான் கத்தியதில் அம்மா எழுந்து வந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டார். "அய்யா, நீயா? நீதானா?" என்று கேட்டவர், அவன் பதில் சொன்னதும் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். ஆன்டிகளும் சிரித்தார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். திரையை மறுபடியும் விலக்கினார்கள். நான் கைப்பேசியை வாங்கி, நடந்ததை ஒரு வேடிக்கையைப் போல அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கேருந்து கூப்பிட்டாங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்லேருந்துன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"ஓமான் ஏஜென்ட்டா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூடத்தில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பெர்த்தில் நின்றிருந்தான்.

அண்ணனுக்கு ஆலைகளில் சூட்டையும் அழுத்தத்தையும் காட்டும் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. அவனுடைய கூட்டாளிக்கும் அதே வேலைதான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், சுபாங் ஜெயாவில் ஒரே தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள். கூட்டாளிக்கு வீடு காப்பாரில். அப்பா கிடையாது, அம்மா மட்டும். அந்த அம்மாவை நாங்கள் காப்பார் ஆன்டி என்போம். கூட்டாளி வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் பசியாறுவான். எங்கள் அம்மா வைக்கும் சம்பலுக்கு அவன்தான் முதல் ரசிகன். தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது முதலில் போனது கூட்டாளியின் வேலை. அடுத்து தன்னுடையதும் போகும் என்று அண்ணனுக்குத் தெரிந்தது. வெளிநாட்டு வேலைக்கு மனுப்போட்டான்.

முதலில் ஓமான் வந்தது. பாலைவனத்தில் எரிவாயு ஆலை. அண்ணன் சரியென்று சொல்லி, விண்ணப்பப் பாரங்களை நிரப்பி, மருத்துவப் பரிசோதனைக்கும் போய்வந்துவிட்டான். அதன் பிறகு பெர்த் வந்தது. வீட்டில் நிம்மதி போய்விட்டது. அப்பாவுக்குப் பெர்த்தான் பிடித்தது, பிற்காலத்தில் குடும்பத்தோடு அங்கேயே இருந்துவிடலாம் என்ற கணக்கு. அம்மாவுக்கு ஓமான்தான் வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை லீவில் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று; வெள்ளைக்காரன் ஊருக்குப் போனவன் திரும்பமாட்டான் என்ற பயம். அண்ணன் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் மற்றொன்று. வாக்குக் கொடுத்த இடத்தில் எப்படி மாட்டேன் என்பது என்பதுதான் அவனை அரித்தது.

ஒரு நாள் ஏஜென்ட்டைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டான். கூட்டாளியும் நானும் கூடப் போனோம். மாலை கட்டும் கடைகளின் வரிசைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்கும் தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் வழக்கம்போல இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தான். கூட்டாளி கண்ணாடிக் குவளையைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "டேய், உனக்கு வெயில் ஒத்துக்காது லா. நீ பெர்த் போ. ஓமான எனக்குக் குடு. எங்கம்மாவுக்கு நான் வேலையில்லாம வீட்டுல கெடக்குறத பாக்க முடியல." அண்ணன் அவனை உற்றுப் பார்த்தான். "நெசமாவா?" "பின்ன? ஏஜென்ட்டுக்கு ஒரு ஆள் வேணும், அவ்ளோதான். நீ போனா என்னா, நான் போனா என்னா?" மூவரும் எழுந்து ஏஜென்ட்டின் அலுவலகத்துக்குப் படியேறினோம். இறங்கும்போது அண்ணனின் தோள் லேசாகியிருந்தது. கூட்டாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

இருவரும் அடுத்தடுத்த வாரங்களில் புறப்பட்டார்கள். கூட்டாளி ஓமானிலிருந்து அழைத்தால் எங்கள் வீட்டுக்குள் சிரிப்பு வந்துவிடும். அண்ணனுக்காக அங்கே எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்திருந்தார்களாம். கட்டிலில் அண்ணன் பெயர், லாக்கரில் அண்ணன் பெயர், தலையில் போடும் பாதுகாப்புத் தொப்பியிலும் அண்ணன் பெயர். "மாத்தித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன் ஆன்டி. இங்க என்னை எல்லாரும் உங்க மகன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறானுங்க. நானும் திரும்பிப் பாக்கப் பழகிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

பஸ் கவிழ்ந்த இடத்தில், கூட்டாளியின் உடலருகே அந்தத் தொப்பி கிடந்திருக்கிறது. அதிலிருந்த பெயரைப் பார்த்தவர்கள் அந்தப் பெயருக்குரிய பழைய விண்ணப்பப் பாரத்தைத் தேடியிருக்கிறார்கள். அதிலிருந்த எண்ணுக்குத்தான் அந்த அழைப்பு வந்தது.

"நீங்க நேர்ல போங்கப்பா. காப்பார் ஆன்டி இத போன்ல கேக்கக் கூடாது" என்று அண்ணன் சொன்னான். ஏஜென்ட் ஆன்டிக்கு அழைத்துவிடாதபடி அவனே பேசி நிறுத்திவைத்தான். அப்பாவும் நானும் காரில் காப்பாருக்குப் போனோம். வழியெல்லாம் இரு பக்கமும் செம்பனைத் தோட்டம்.  காப்பார் ஆன்டி வெளியே மகனுடைய மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் வரும்போது துரு ஏறாமல் இருக்கவேண்டும் என்று வாரந்தோறும் செய்வார். எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னாண்ணே, இந்த நேரத்துல ரெண்டு பேரும்? உங்க மகனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

உடல் வருவதற்கு முன்பே அண்ணன் வந்துவிட்டான். காப்பார் ஆன்டி அவனைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சட்டையைப் பிடித்தார். "நீ போகவேண்டிய எடத்துக்கு எம்மகன ஏன்டா அனுப்புன? உனக்கு நல்ல நாடு, அவனுக்கு அந்தக் காடா?" அண்ணன் தலையைக் குனிந்து நின்றான். பிரிக்பீல்ட்ஸில் அந்த மேசையில் நானும் இருந்தவள். "ஆன்டி, அவருதான் கேட்டு" என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அன்று மாலை தனியாக இருந்தபோது சொன்னான்: "அவன் கேட்டான்னு சொன்னா, அவங்க அவன் மேலதான கோவப்படணும்? செத்தவன் மேல எப்படிக் கோவப்படுவாங்க? இருக்குற என் மேல படட்டும்."

பெர்த்துக்குத் திரும்பியவனால் அங்கே இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் பக்கத்து இருக்கையைப் பார்ப்பானாம். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தன்னைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகுமாம். ஒப்பந்தம் முடிந்ததும் கிள்ளானுக்கே வந்துவிட்டான். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன வேலை. ஞாயிறுதோறும் காப்பாருக்குப் போவான். கூரை ஒழுகினால் ஏறிப் பார்ப்பான், ஆன்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். முதலில் அவர் கதவைத் திறக்கவே மாட்டார். பிறகு திறந்தார், பேசமாட்டார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். எங்கள் அம்மா மட்டும் கடைசிவரை அந்த வீட்டுக்குப் போகவில்லை. கல்யாண வீடுகளில் காப்பார் ஆன்டியைக் கண்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். "நான் அன்னிக்கு சிரிச்சேனே, அந்த வாயோட எப்படி அவங்ககிட்ட பேசுறது?" என்று ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். அம்மா இறந்தபோது காப்பார் ஆன்டிதான் முதலில் வந்து, குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டார்.

சென்ற ஆண்டு அண்ணனைத் தேடி மறுபடியும் இரண்டு வேலைகள் வந்தன. பெர்த்தில் பழைய மேலாளர் கூப்பிட்டார். சிங்கப்பூரிலும் ஓர் ஆலையில் இடம். அவன் இரண்டையும் எங்களிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியவந்ததும், அடுத்த ஞாயிறு நானும் அவனோடு காப்பாருக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் நானே போட்டு உடைத்தேன். ஆன்டி சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தார்.

"ஏன் சொல்லல?"

"போகப்போறதில்ல ஆன்டி. அதான்."

அவர் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அவன்தான் உங்கிட்ட கேட்டு வாங்குனான். எனக்குத் தெரியும்டா. அன்னிக்கே வீட்டுக்கு வந்து, நானே கேட்டு வாங்கிட்டேம்மான்னு குதிச்சான். நாந்தான் சாமி கும்பிட்டு அனுப்பிவெச்சேன்."

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "தெரிஞ்சேவா, இத்தன வருஷமா?"

"யாரையாச்சும் திட்டணும்ல. நீ வந்து நின்ன. பேசாம வாங்கிக்கிட்ட." அவர் குரல் உடைந்தது. "நீ ஒரு வார்த்த எதிர்த்துப் பேசிருந்தா அன்னிக்கே விட்டுருப்பேன்."

அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான். கூட்டாளியின் இறுதிச் சடங்கில்கூட அவன் அழவில்லை. ஆன்டி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "எங்க வேணும்னாலும் போ. நீ போகாத எடத்துக்கு யாரு போனான்னு மட்டும் கேக்காத."

அண்ணன் பெர்த்துக்குப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பாருக்கு நான் போகிறேன். ஆன்டியின் கைப்பேசியில் மூவரும் பேசிக்கொள்கிறோம். அண்ணனின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. வீடு பார்த்துக்கொண்டிருக்கிறானாம், ஆன்டியைக் கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறான். அந்தச் சிங்கப்பூர் வேலையைப் பற்றி அவன் பேசுவதில்லை. ஆன்டியும் கேட்பதில்லை.

எனக்கு மட்டும் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து சுபாங் ஜெயாவில் ரயில் ஏறும்போது, தோளில் பையோடு, கழுத்தில் வேலையிடத்து அட்டையோடு ஏதாவது ஓர் இளைஞன் எதிரே வந்து உட்காருவான். கைப்பேசியில் யாரிடமோ, வேலை கிடைத்துவிட்டது, வெளிநாடு, அடுத்த வாரம் புறப்படுகிறேன் என்று சிரித்துச் சிரித்துப் பேசுவான். எந்த நாடு என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்துவிடும். கேட்காமல் இருப்பதற்காக, என் நிலையம் வருவதற்கு முன்பே எழுந்து கதவருகில் போய் நின்றுகொள்கிறேன்.