கல்லணை வித்வான்

எங்கள் வீட்டில் காகிதத்தைப் பார்த்துப் பயப்படாத முதல் ஆள் நான்தான். அம்மா கைநாட்டு. அப்பா தன் பெயரை மட்டும் கோலம் போடுவதுபோல நிறுத்தி நிறுத்தி வரைவார்; வேறு ஓர் எழுத்தும் தெரியாது. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு என்று வீட்டுக்கு வந்த எல்லாப் படிவங்களையும் நானே நிரப்பியிருந்தேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதுவேன். தெருவில் யாருக்காவது தபால் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஊசி போட வந்த டாக்டரைப் போன்ற முகத்தோடு போவேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிவம் நிரப்புவதில் எனக்கு ஒரே ஒரு விதி இருந்தது. காலி இடம் விடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் காலி இடம் விட்டால் டீச்சர் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். தப்பாக எழுதினாலாவது பாதி மதிப்பெண்ணுக்குக் கெஞ்சலாம்.

அப்பா பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். ஒருநாள் ஒரு கல்யாண ஊர்வலம் காக்ஸ் டவுனில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஓர் இசைப் பள்ளியின் கீழே அரைமணி நேரம் நகராமல் நின்றது. பழைய பங்களா ஒன்றின் மாடியில், அக்கம்பக்கத்துக்காரர்கள் கமிட்டி அமைத்து நடத்திய பள்ளி அது. மாடி ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் அப்பாவின் அடிக்குத் தக்கபடி தட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்பா சும்மா இருப்பாரா? நிறுத்துவதும், அவர்களைத் தட்டவிடுவதும், பிடிப்பதுமாக விளையாடியிருக்கிறார். மாப்பிள்ளையின் குதிரை மட்டும்தான் சலித்துக்கொண்டதாம். பள்ளியை நடத்திவந்த வயலின் மிஸ் படியிறங்கி வந்து கேட்டார், "எங்க தபலா சார் துபாய்க்குப் போயிட்டாரு. எங்க பசங்களுக்குத் தாளம் சொல்லித் தர்றீங்களா?"

மூன்று மாதம் டிரையல். ஆண்டு விழாவில் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, தாளம் சொல்லித்தர அப்பாவையே வைத்துக்கொள்வதா என்று கமிட்டி முடிவு செய்யும். அம்மா அன்று இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டாள். "இது மட்டும் நெலச்சுதுன்னா, எவன் எப்போ சாவான்னு காத்துக்கினு இருக்க வேணாம்" என்றாள். பேண்டுக்காரர் வீட்டில் அது சாபமல்ல, வரவு செலவு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது சாவுதான்.

முதல் வாரக் கடைசியில் அப்பா ஒரு படிவத்தோடு வந்தார். ஆசிரியர் விவரம். அது எதற்கென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பள்ளியின் படிக்கட்டுத் திருப்பத்தில் தொங்கிய பலகையை, அப்பாவோடு போனபோது, நான் ஏற்கெனவே மூன்று தடவை படித்திருந்தேன். ஒவ்வோர் ஆசிரியரின் புகைப்படத்துக்கும் கீழே அவருடைய படிப்பு, பட்டம், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். வயலின் மிஸ்ஸின் குருவுக்குப் பெயர் இரண்டு வரி. அவருடைய குருவுக்கும் ஒரு வரி. கிட்டார் சார் லண்டன் பரீட்சையில் எட்டாவது கிரேடு. அந்த வரிசையில் அடுத்து அப்பா.

"படிப்பு?" என்றேன், பேனாவைத் திறந்துகொண்டு.

"மூணாவது. அதுல பாதி."

'பிரைவேட்' என்று எழுதினேன். எங்கள் தெருவில் டுடோரியல் சேர்ந்து பரீட்சை எழுதியவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

"யார்கிட்ட கத்துக்கின? குரு பேரு, ஊரு போடணும்."

"எங்க அண்ணன்தான். முனுசாமின்னு போடு. ஊரு இன்னா ஊரு, இதே தெருதான்."

பெரியப்பாவை எனக்கு மங்கலாகத்தான் நினைவு. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பேண்டு மாஸ்டர். முனுசாமி, இதே தெரு. அதை அந்தப் பலகையில் அச்சடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது எழுதினதாகவே படவில்லை. காலி இடம் மாதிரித்தான் இருந்தது. அப்பா கால் கழுவப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அப்பாவுக்கு ஒரு குருவை உண்டாக்கிவிட்டேன். 'வித்வான்' என்பது பலகையிலிருந்து. 'விஸ்வேஸ்வர' என்பது கோயில் அழைப்பிதழிலிருந்து. 'சாஸ்திரி' பக்கத்துத் தெரு ஜோசியரிடமிருந்து. ஊருக்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். அப்போது தமிழ்ப் பாடத்தில் கல்லணை நடந்துகொண்டிருந்தது. பெரிய எழுத்தில் எழுதினேன்: வித்வான் கல்லணை விஸ்வேஸ்வர சாஸ்திரி. இங்கிலீஷில் அது வரியைத் தாண்டி ஓரம்வரை போனது. மிகவும் திருப்தியாக இருந்தது.

அப்பா தன் பெயரைக் கீழே வரைந்து கொடுத்தார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பலகையில் அப்பாவின் படம் வந்தது, கீழே சாஸ்திரியும் வந்தார். அப்பா அதைத் தினமும் கடந்து போனார், அவருக்கு அது எறும்பு வரிசை. நான் மட்டும் படியேறும்போதெல்லாம் பார்த்துக்கொள்வேன். பிறகு ஒரு மாலை அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணன் போட்டோவக் கேக்குறாங்க!"

இந்த வருஷம் ஆண்டு விழாவில் குரு வணக்கமாம். ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் குருவின் படத்தைக் கொண்டுவர வேண்டும். மேஜையில் வரிசையாக வைத்து, மைக்கில் பெயர் சொல்லி, பூப்போடுவார்கள். அப்பா ஸ்டூலில் ஏறிப் பெரியப்பா படத்தைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பேண்டு யூனிபாரத்தில் எடுத்த படம். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம், தொப்பி, கழுத்தில் டிரம்.

"அந்த மனுசனுக்குப் பூவா?" என்றாள் அம்மா. "என்னைக்காச்சும் அவரு நேரா நடந்து பாத்துக்கிறியா நீ?"

"காலு வளையும். தாளம் வளைஞ்சுதா? அதச் சொல்லு" என்றார் அப்பா.

எனக்குச் சட்டென்று அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. படத்துக்குக் கீழே பெயர் அட்டை வைப்பார்கள் அல்லவா? அந்த அட்டையில் என்ன இருக்கும்?

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது கால் ஆடியது. வகுப்பில் இரண்டு முறை டீச்சர் சாக்பீஸால் அடித்தார். எப்படியாவது மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு ஓடினேன். மிஸ் தரையில் உட்கார்ந்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உங்கப்பாவோட குரு கல்லணையா? அங்க அணைதானே இருக்கு, ஊர் எங்க இருக்கு?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அமையாது. நான் வாயைத் திறந்தேன். "அணைக்குப் பக்கத்துல, மிஸ்" என்றேன். "அணையத் தாண்டி லெப்டு."

மிஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓ" என்றுவிட்டு அடுத்த அட்டையை வெட்டத் தொடங்கினார். நான் வீட்டுக்கு ஓடி வந்து, பெரியப்பா படத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். படம் இல்லாவிட்டால் வெறும் அட்டைதானே, பெயர் மட்டும் சொல்லிப் போய்விடுவார்கள். மிகச் சரியான கணக்கு. ஆனால் விழா அன்று காலை அப்பா தேடத் தொடங்கினார். கட்டிலைக் கவிழ்த்தார். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டார். கடைசியில் தலையில் கைவைத்து, "கடைசி நேரத்துல கூட வரமாட்டேன்றான் பாரு" என்று படம் தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்துச் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானே போய் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா அன்று வேலை செய்யும் வீட்டில் விருந்து என்று வரவில்லை. நானும் அப்பாவும்தான் போனோம். ஹாலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் வரிசையாகப் படங்கள். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள், பியானோ முன்னால் ஒரு கன்னியாஸ்திரி, கடைசியில் சிவப்புக் கோட்டில் எங்கள் பெரியப்பா. அவருக்குக் கீழே, தங்க ஓரம் போட்ட அட்டையில், வித்வான் கல்லணை விஸ்வேஸ்வர சாஸ்திரி.

யாரும் பார்க்காதபோது அட்டையைக் குப்புறக் கவிழ்த்தேன். கிட்டார் சார் எங்கிருந்தோ வந்தார். "விழுந்துடுச்சா பாப்பா? காத்து ஜாஸ்தி" என்று அதை நிமிர்த்தி, நகராமல் இருக்க ஒரு பூத்தொட்டியையும் அண்டக்கொடுத்துவிட்டுப் போனார்.

வணக்கம் தொடங்கியது. மிஸ் மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் ஆசிரியராக வந்து பூப்போட்டார்கள். அப்பா கடைசி. இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டு கையிலும் சாமந்தி அள்ளிக்கொண்டு நின்றார். மிஸ் அட்டையை எடுத்துப் படித்தார். முழுப் பெயரையும். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "சாஸ்திரிகளா? இந்த யூனிபாரத்திலா?" என்று சத்தமாகவே கேட்டார்.

அப்பா வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

"உங்களைத்தான்" என்றார் மிஸ் மெதுவாக. "ஃபாரத்துல இந்தப் பேருதான் இருக்கு. இவர்தானே?"

அப்பா அட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, நேராக என்னைப் பார்த்தார். 'இல்லீங்க, இது எங்க அண்ணன்' என்று அவர் சொன்னால் போதும், படிவம் பொய்யாகிவிடும். அம்மா மறுபடியும் சாவுக்குக் காத்திருக்க வேண்டும். நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். சொல்லு, ஆமான்னு சொல்லு.

"ஆமாங்க" என்றார் அப்பா. "இவருதான்."

"அந்தக் கோட்டு?" கமிட்டிக்காரர் விடவில்லை.

அப்பா சாமந்தியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க கூட வாசிக்க வந்தப்போ எடுத்ததுங்க. எங்க டிரெஸ்ஸப் போட்டுக்கினாதான் எங்க அடி வரும்னு சொல்லிட்டாரு."

ஹால் முழுக்கக் கைதட்டியது. எத்தனை பெரிய மனசு அந்தச் சாஸ்திரிக்கு என்று ஓர் அம்மாள் பக்கத்தில் சொல்வது கேட்டது. மிஸ் மைக்கை மூடிக்கொண்டார். "பூப்போடுங்க" என்று மட்டும் சொன்னார். அப்பா பூப்போட்டார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

அதன்பிறகு பன்னிரண்டு பிள்ளைகளும் வாசித்தார்கள். பிரமாதம். அப்பா நடுவில் நின்று வெறும் கண்ணால் அவர்களை நடத்தினார். முடிந்ததும் கமிட்டிக்காரரே எழுந்து வந்து கை கொடுத்தார். மிஸ் படிக்கட்டுவரை எங்களோடு வந்து, "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க. இனிமே டிரையல் எல்லாம் கிடையாது" என்றார். பிறகு அந்தத் தங்க ஓர அட்டையை என் கையில் வைத்து விரல்களை மூடினார். அது எனக்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அப்பா படத்தைச் செய்தித்தாளில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். வழக்கமாக அவர் தெருவில் சும்மா நடக்க மாட்டார். கேட்டு, கம்பம், நின்ற ஆட்டோ என்று எதையாவது தட்டிக்கொண்டே வருவார். அன்று எதையும் தட்டவில்லை. நான் முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன். தப்பித்துவிட்டோம் என்ற கொண்டாட்டத்தில் என் வாய் நிற்கவே இல்லை.

"நான் எழுதுனதாலதான கெடச்சுது? அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ சொல்லாத, இன்னா?"

பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் அப்பா நின்றார்.

"கண்ணு, எங்க அண்ணன் பேரு எழுத உனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பிலேயே முதல் ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "தெரியுமே. மூணு பாஷையிலயும் தெரியும். தமிழ்ல நாலே எழுத்துதான்."

"எழுது, பாப்போம்."

ஓரத்தில் ஒரு ஸ்கூல் வேன் பல நாளாக நகராமல் நின்றது. அதன் பின்கண்ணாடியில் தூசி கனமாகப் படிந்திருந்தது. குதிகாலை உயர்த்தி விரலால் எழுதினேன். முதலில் தமிழில், அதன் கீழே கன்னடத்தில், அதற்கும் கீழே இங்கிலீஷில். முனுசாமி, முனுசாமி, முனுசாமி. எழுத்து அவ்வளவு அழகாக எனக்கு என்றும் அமைந்ததில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காக நிமிர்ந்தேன்.

அப்பா வேனுக்கு நெருங்கி வந்தார். மேல்வரியையும் நடுவரியையும் கீழ்வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பஸ் வந்தது, போயிற்று. அடுத்ததும் போயிற்று. பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எல்லாம் கரெக்டாதான் கீது, வாப்பா, பசிக்குது" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.