முப்பத்தொரு வீடும் ஒரு பழைய போனும்

என் தம்பியை இந்தக் கட்டடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவன் சிக்னல். வைஃபை பெட்டி மாட்டுவது, வீட்டுக்குள் கேமரா வைப்பது, படம் வராத டிவியில் படம் வரவைப்பது, இதுதான் பதினான்கு வருடமாக அவன் பிழைப்பு. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சிக்னல் வருதா?" என்று கேட்பான். சௌக்கியம் விசாரிப்பது எல்லாம் அதற்கப்புறம்தான். "அண்ணி, கல்யாணப் பேச்சுக்கு வந்தன்னைக்கே எங்கப்பாகிட்ட அதைத்தான் கேட்டாரு. அப்பவே நான் உஷாராயிருக்கணும்" என்பாள் தம்பி மனைவி.

அவன் கெட்டவன் இல்லை. இதை நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, ஆண்டவன் மேல் பயம் இருப்பதால் சொல்கிறேன். போகிற வீட்டில் எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பான். பெட்டியை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், மூச்சு முட்டும். மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், தண்ணீர் பாதி சிக்னலைக் குடித்துவிடும். எது நின்றுபோனாலும் ஸ்விட்சை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போடுங்கள்; அப்போதும் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். சுவரில் ஓட்டை போட்டால் கீழே விழுந்த தூசியை அவனே துணியால் துடைத்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவான்.

ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேமரா வைக்க வேண்டுமென்றால் ஒரு அக்கவுண்ட் வேண்டும், அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். வயதானவர்களிடம் போய் "என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்?" என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கு என்னப்பா தெரியும், நீயே ஒண்ணு வெச்சிடு" என்பார்கள். வைத்துக் கொடுத்தால் மறந்துபோவார்கள். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் தொலைந்துபோகும். நாலு தடவை ஐந்து தடவை மாடி ஏறி இறங்கிச் சலித்துப்போய், அவன் எல்லா வீட்டுக் கேமராவையும் தன்னுடைய அக்கவுண்டிலேயே சேர்த்துவிட்டான். அங்கிருந்து அவரவர் போனுக்கு ஒரு வழி போட்டுக் கொடுப்பான். முப்பத்தொரு வீடு, ஒரே பாஸ்வேர்டு. எது எந்த வீடு என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் கட்டடம், மாடி, கதவு எண் எல்லாம் போட்டுப் பேர் வைத்திருந்தான். யாருக்காவது படம் வரவில்லை என்றால் இருந்த இடத்திலிருந்தே சரி பண்ணிவிடுவான். ஜனங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய் நன்றாகப் பேசும். பேசத்தான் ஆள் கிடையாது. மகள் ஒருத்தி மட்டும்தான் துணை, தையல் கம்பெனியில் வேலை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வாயில் ஊட்டிவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். சாவி வாசலில் இருக்கிற மின்சார மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு நான் அதை எடுத்துத் திறந்து, பெரியவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டி அங்கேயே வைத்துவிட்டு வருவேன். இந்த ஏற்பாடு எங்கள் மூன்று பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

வேலை செய்கிற இடத்திலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் கேமரா கேட்டாள். தம்பி கட்டிலுக்கு நேர் எதிரே, அலமாரி மேல் வைத்தான். போனில் விரலைத் தேய்த்தால் கேமரா தலையைத் திருப்பும். அதன் வழியே பேசவும் செய்யலாம். முதல் நாள் தம்பி படிக்கட்டில் நின்றுகொண்டு போனில் பேசிப் பார்த்தான். "ஐயா, சிக்னல் பேசுறேன், கேக்குதா?" பெரியவர் சிரித்துவிட்டார். "கேக்குதுடா! சாமி பேசுற மாதிரி மேலருந்து கேக்குது!"

அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத் தம்பியின் போன் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. கடையில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கி வந்தான். சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சிம் போனால் போனுக்கு உயிர் போய்விட்டது என்று அவன் நினைத்தான். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவன், அதற்குள் இருந்ததை ஒன்றுகூட அழிக்கவில்லை. அந்தப் போனுக்குப் பூட்டும் கிடையாது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தையல்காரப் பெண் கீழே இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கம்பெனிப் பையைத் தோளிலிருந்துகூட இறக்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கு மத்தியானம் அப்பாகிட்ட கேமராவுல பேசினீங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"சிக்னல் பேசினான்னு அப்பா சொல்றாரு. சௌக்கியமான்னு கேட்டீங்களாம். சாப்பாடு யார் கொண்டு வராங்க, எத்தனை மணிக்கு வராங்க, பூட்டியிருக்கே அவங்களுக்குச் சாவி ஏதுன்னு கேட்டீங்களாம். அப்பா எல்லாத்தையும் சொல்லியிருக்காரு."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா தூக்கத்துல கனவு கண்டிருப்பாரும்மா. மருந்து சாப்பிடுறாரு இல்ல? எதுக்கும் நான் செக் பண்ணிடுறேன். நீ போய் நிம்மதியா இரு."

அவள் போன பிறகு தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் நின்றாள். "ஏங்க, நீங்க பாக்குறது உண்டா?"

"எதை?"

"அந்த வீடுங்களை. உங்க போன்ல எல்லா வீடும் தெரியும்ல?"

"வேலை செய்யுதான்னு எப்பவாச்சும் தொறந்து பாப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கடவுள் சத்தியமா."

"எப்பவாச்சும் பாப்பீங்க" என்று அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். வழக்கமாக அவள் பேச்சில் ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு இல்லை.

அவன் போனை எடுத்து எதையோ தேடினான். அந்த அக்கவுண்டைத் திறந்து வைத்திருக்கிற போன்கள் எவை என்று காட்டுகிற பக்கம் ஒன்று உண்டாம். பதினான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் அதைத் திறந்தானாம். இரண்டு போன் இருந்தது. ஒன்று கையில் இருப்பது. இன்னொன்று அவன் கொடுத்துவிட்டு வந்தது. அதற்கு நேராக, இன்று பகல் பன்னிரண்டு நாற்பது என்று போட்டிருந்தது.

பாஸ்வேர்டை உடனே மாற்றினான். மற்றப் போன்களை எல்லாம் வெளியேற்றுகிற பொத்தானை அழுத்தினான். பழைய போனின் பேர் மறைந்துபோனது. "முடிஞ்சுது. இனிமே அவனால எதையும் பாக்க முடியாது" என்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன்க்கா. மத்த முப்பது வீட்டுக்கும் என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்க வேண்டாமா? நாளைக்கு அந்தக் கடைக்குப் போய் போன் யார்கிட்டப் போச்சுன்னு விசாரிச்சிட்டு வரேன். சாயங்காலம் அவகிட்ட நானே சொல்லிடுறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் அவள் படி இறங்கிப் போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போனாள். "அக்கா, வரேன்" என்றாள். "போயிட்டு வாம்மா" என்றேன். இதற்கு ஆண்டவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேமராவின் கண்ணை மூடியாகிவிட்டது என்று மட்டும் நினைத்தோம். அந்தக் கண் பார்த்துவைத்ததும் கேட்டுவைத்ததும் எங்கே போகும்?

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மேலே போனேன். மீட்டர் பெட்டியைத் திறந்து கையை விட்டேன். சாவி இல்லை. தூசிதான் விரலில் ஒட்டியது. கீழே விழுந்துவிட்டதோ என்று குனிந்து தேடிவிட்டு, எழுந்திருக்கக் கதவைப் பிடித்தேன். கதவு தானாகத் திறந்துகொண்டது.

பெரியவர் எப்போதும் மல்லாந்து படுத்திருப்பார். அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல், அதன் மேல் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். கேமராவின் முகம் சுவர் பக்கம் திரும்பியிருந்தது.

"யாரு ஐயா வந்தது?"

"உன் தம்பி அனுப்பின பையன்தான். கேமரா ரிப்பேராம். நல்ல பிள்ளை. முதுகு வலிக்குதான்னு அவனாவே கேட்டு உக்கார வெச்சான். தண்ணி குடுத்தான். ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தான்."

"என்ன பேசினான்?"

"வீட்டப் பத்தித்தான். மகளைப் பத்தி. உன்னப் பத்திக்கூடக் கேட்டான்."

"சாவி எங்க ஐயா?"

"அவன்கிட்டதான். அடிக்கடி வர வேண்டியிருக்கும், உங்க மகளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொன்னான்."

பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டேன். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் பண்ணினேன். வீட்டில் எதுவும் திருட்டுப் போகவில்லை. பீரோகூடத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருந்தால் திருடன் என்று தெரிந்துபோயிருக்கும்.

அன்று மாலைக்குள் பூட்டை மாற்றினோம். தம்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னான். அவள் கத்தவில்லை. அலமாரி மேல் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

"காலையில அப்பாவுக்குத் துணி மாத்துறப்ப எல்லாம் அது பாத்துட்டுதானண்ணே இருந்துச்சு?"

"ஆமாம்மா" என்றான் தம்பி.

"நேத்தே சொல்லியிருந்தா இன்னைக்கு நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கேமராவின் ஒயரைச் சுவரிலிருந்து அவளே பிடுங்கினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். போன் கடையில் விசாரித்தால், "மூட்டை மூட்டையாப் போகுது, எது எவன்கிட்ட போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கை விரித்துவிட்டார்கள். தம்பி மறுநாளிலிருந்து மற்ற முப்பது வீடும் ஏறி இறங்கினான். நடந்ததைச் சொல்லி, அவரவர் பேரிலேயே அக்கவுண்ட் திறந்து, பாஸ்வேர்டை அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். படுக்கையைப் பார்த்தபடி இருந்த கேமராக்களை வாசலைப் பார்த்தபடி மாற்றினான். சில பேர், "நமக்கு என்னப்பா, ஒளிச்சு வெக்க என்ன இருக்கு" என்று சிரித்தார்கள். ஒரு டீச்சரம்மா கேமராவைக் கழற்றி அவன் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

மத்தியானம் மட்டும் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை மூன்றாம் மாடியில் பெரியவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். புதுச் சாவி என் இடுப்பில் இருந்தது; பன்னிரண்டு மணிக்கு நான்தான் அவனுக்குத் திறந்துவிட்டுக் கீழே வருவேன். பெரியவர் பயந்துபோவார் என்று மகள் அவரிடம் எதையும் சொல்ல விடவில்லை.

எட்டாவது நாள், பகல் பன்னிரண்டரை. கதவில் பதித்த பூட்டுக்குள் வெளியிலிருந்து சாவி நுழைகிற சத்தம் கேட்டதாம். நுழைந்த சாவி திரும்பவில்லை. மறுபடி எடுத்து மறுபடி நுழைத்தார்கள். அவசரமே இல்லையாம். தம்பி போலீசுக்குப் போன் பண்ணச் சட்டைப் பையில் கையை விட்டான். அதற்குள் பெரியவர் முகம் மலர்ந்து உரக்கக் குரல் கொடுத்துவிட்டார்.

"பூட்டு மாத்தியாச்சுப்பா! சாவி கீழ் வீட்டு அக்காகிட்ட இருக்கு!"

வெளியிலிருந்து பதில் வந்தது. "சரிங்கய்யா."

நான் அப்போது கீழே என் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். படியில் ஒருவன் இறங்கி வந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். யாருடைய வீட்டுக்கோ வந்தவன் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் நின்றான். பல நாள் பழகினவன் போலச் சிரித்தான்.

"இன்னைக்குச் சீக்கிரமே கிளம்பிட்டீங்களாக்கா? ஒரு மணிக்குத்தான போவீங்க?"

கை தானாக இடுப்புச் சாவியை மூடிக்கொண்டது. அவன் கண்ணும் அங்கேதான் போனது. மேலே கதவு திறந்து, தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற சத்தம் கேட்டது. வந்தவன் நிமிர்ந்து பார்த்தான், பிறகு வாசல் வழியே வெயிலில் இறங்கி, ஓடாமல், நடந்தே போனான். தம்பி தெருமுனைவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். ஆள் இல்லை.

பெரியவரைத் தவிர அவன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஸ்டேஷனில் அங்க அடையாளம் எல்லாம் சொன்னேன். இன்றுவரை அகப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் தையல்காரப் பெண் வீட்டைக் காலி செய்தாள். பெரியவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஆள் வேண்டியிருந்ததால் தம்பியைக் கூப்பிட்டாள். அவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பிள்ளை வந்தா புது வீட்டு விலாசம் குடுத்துடுடா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். வண்டி ஓட்டுகிறவரிடம் அவள் காதோடு காதாகத்தான் இடத்தைச் சொன்னாள். எந்தத் தெரு என்று எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.