மழையில் கழுவிய சக்கரங்கள்

மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடுதான். காற்றோடு வரும் உப்பு கார் சக்கரங்களில் வெள்ளையாகப் படியும். ஒருமுறை டயர் பஞ்சரானபோது துருப்பிடித்த நட்டுகள் அசையவே இல்லை. அன்றிலிருந்து சக்கரம் கழுவுவது எனக்கு ஒரு வெறி. ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். குடிக்கிற தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்ற மனசு வராது.

அதனால் இந்த வருஷம் முதல் மழை பிடித்ததுமே பழைய நைட்டியோடு இறங்கி, நான்கு சக்கரத்தையும் பிரஷால் தேய்த்தேன். கார் கூரையை மழையே கழுவிவிடும். ரிம்முக்கு உள்பக்கம் இருக்கிற உப்பை நாம்தான் எடுக்கவேண்டும். எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் மேல்மாடி வங்காளக்காரர் பால்கனியில் நின்று, "மழையில் யாராவது காரைக் கழுவுவார்களா, பாபி?" என்று அண்ணி முறை வைத்து ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரஷை மாடிப்படிக்குக் கீழே வீசிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாளும் மழை. ஜன்னலைத் திறந்தால், தாதா நனைந்தபடி தன் காரின் சக்கரத்தருகே குந்தியிருந்தார். கையில் என் பிரஷ்.

"உள்பக்கமும் தேய்க்கணும், தாதா" என்றேன்.